ராஜா கச்சேரிக்குப் போகிறவள்

கச்சேரி ஆறரை மணிக்கு என்று போட்டிருந்தால் நான் மூன்றரைக்கெல்லாம் மைதானத்து வாசலுக்குப் போய்விடுவேன். டிக்கெட் கையில் இருக்கிறது, நாற்காலி எண்ணும் அதிலேயே இருக்கிறது, பிறகெதற்கு இத்தனை அவசரம் என்று வீட்டில் கேட்பார்கள். சவுண்ட் செக் நடப்பது அந்த நேரத்தில்தான். உள்ளே விடமாட்டார்கள். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஜெனரேட்டர் வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும், எல்லாம் காதில் விழும். பாடகர்கள் அநேகமாக அப்போது வந்திருக்க மாட்டார்கள். டிரம்ஸ், பேஸ் கிடார், தபேலா, டோலக், புல்லாங்குழல் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, கடைசியில் வயலின் வரிசைக்கு வருவார்கள். ஏதாவது ஒரு பாட்டின் இரண்டாவது பி.ஜி.எம்மை மட்டும் எடுத்து மூன்று நான்கு தடவை வாசித்துப் பார்ப்பார்கள். பல்லவியும் இல்லாமல், சரணமும் இல்லாமல், குரலே இல்லாமல் அந்தத் துண்டைக் கேட்கும்போதுதான் அதற்குள் எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்று தெரியும்.

பி.ஜி.எம். என்று நான் சொல்வது மெல்லிசைக் குழுக்காரர்களிடமிருந்து தொற்றிக்கொண்ட பேச்சு. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வருவதும், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வருவதும் அவர்களுக்கு பி.ஜி.எம்.தான். இளையராஜாவின் பாட்டில் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தப் பாதி உயிரைக் கேட்கத்தான் ஊர் ஊராகப் போகிறேன்.

எனக்கு ஊர் உத்தமபாளையம். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஊரிலிருந்து கோம்பை வழியாகத் தேவாரம் போகிற பஸ்ஸில் ஏறினால் பண்ணைப்புரம் வந்துவிடும். ராஜா பிறந்த ஊர். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது எங்கள் பக்கம் முழுக்க மதுரை மாவட்டம். எஸ்.ஜானகியின் குரல் டீக்கடை ரேடியோவில் வந்தால், “நம்ம பண்ணைப்புரத்துப் பையன் போட்ட பாட்டு” என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் சிலர் அந்தப் பையனை அதற்கு வெகு காலம் முன்பே கேட்டவர்கள். ராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிய காலத்தில், அண்ணன் கூடவே தம்பிகளும் போனார்கள். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் பாவலர் மலைத்தோட்டத் தொழிலாளர்கள் நடுவில் பாடிய கதையை எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். அதன்பிறகு பத்து வருஷத்துக்கும் மேலாக அந்தச் சகோதரர்கள் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள். இன்று நாங்கள் ரசிகர்களாக அலைகிறோமே, அதைவிடப் பெரிய அலைச்சல் அது. மைக் செட் ஒன்று கிடைத்தால் போதும் என்று ராத்திரி ராத்திரியாக வாசித்த கை அது.

பிறகு சென்னை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப் பயிற்சி. இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர். சலில் சௌத்ரி போன்ற இசையமைப்பாளர்களுக்குக் கிடார் வாசித்திருக்கிறார். அந்த வருஷங்களில் வெளிவந்த எத்தனையோ பாட்டுகளில் ராஜாவின் கிடார் இருக்கிறது. இசைத்தட்டு உறையில் பெயர் இருக்காது. இதை நான் ஏன் இங்கே நிறுத்திச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

வேலையில் இருந்தவரை, விடுப்பு கிடைத்த கச்சேரிக்கு மட்டும் போவேன். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கவலை போயிற்று. மதுரை, கோவை, சேலம், திருச்சி, சென்னை, பெங்களூர், எந்த ஊரில் அறிவிப்பு வந்தாலும் முதலில் பார்ப்பது ராத்திரி பஸ்ஸையும் ரயிலையும்தான். எங்கள் ஊரிலிருந்து எங்கே போவதென்றாலும் தேனியிலோ திண்டுக்கல்லிலோ இறங்கி மாற வேண்டும். கச்சேரி முடியப் பதினொன்று ஆகிவிடும். அதனால் தனியாகப் போகிற பெண்ணுக்கு முதலில் வேண்டியது ஒரு துணை. அது எனக்குக் கச்சேரி வாசல்களிலேயே கிடைத்தது.

சேலத்து அக்கா கூட்டுறவு வங்கியில் இருந்தவர். கோவைத் தம்பி லேத் பட்டறை வைத்திருக்கிறான். மதுரைப் பையன் ஒருவன் கல்யாண வீடுகளில், கோயில் திருவிழாக்களில் கீபோர்டு வாசிப்பவன். இரண்டு மூன்று ஊர்களில் அதே முகங்களை வாசலில் பார்த்த பிறகு பேச்சு தானாக வந்துவிடும்.

“என்னக்கா, பஸ்ஸா?”

“பஸ்தான் தம்பி. திண்டுக்கல்ல மாறி வந்தேன்.”

“ராத்திரி எப்பிடிப் போவீங்க?”

“சேலத்து அக்கா ரூம் போட்டிருக்காங்க. விடியக்காலம் கிளம்பிருவேன். நீ சாப்பிட்டியா?”

இப்போது எங்களுக்குள் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எந்த ஊரில் எந்த வாசல் சீக்கிரம் திறப்பார்கள், எங்கே பெண்களுக்குக் கழிப்பறை ஒழுங்காக இருக்கும், எந்த விலை டிக்கெட்டுக்கு எந்த இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். ஒரு ஊரில் ஏற்பாட்டாளர்கள் நாற்காலிகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டார்கள். எங்கள் எண்ணில் வேறு குடும்பம் உட்கார்ந்திருந்தது, அவர்களிடமும் அதே எண். நான்கு மணி நேரம் நின்று கேட்டோம். சேலத்து அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. யாரிடம் போய்ச் சொல்வது என்றே தெரியவில்லை. பெரிய தொகை கொடுத்து வருகிற ரசிகரை இப்படி நடத்துவது அநியாயம். ராஜா மேடையில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக அன்று அத்தனை பேரும் பொறுத்துக்கொண்டார்கள்.

எங்கே உட்காருவது என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காசு இருப்பவர்கள் முன்வரிசைக்குப் போவார்கள். அங்கே ராஜாவைப் பக்கத்தில் பார்க்கலாம், பாட்டைக் கேட்க முடியாது. தாழ்வான ஒலிகளுக்கான பெட்டிகள் மேடைக்குக் கீழே இருக்கும். நெஞ்சு அதிரும், குழல் காதுக்கு வராது. இரண்டு ஓரங்களும் சரியில்லை, அந்தப் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும்தான் கேட்கும். மைதானத்தின் நடுவில் ஒரு சின்னப் பந்தல் போட்டு, மிக்ஸிங் கன்சோல் வைத்து ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருப்பார். அவர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அதை வைத்துத்தான் மொத்த ஒலியையும் சரிசெய்கிறார். ஆகவே அவருக்கு முன்னாலோ பக்கத்திலோ இடம் கிடைத்தால் அதுதான் நல்ல இடம். நடுத்தர விலை டிக்கெட்தான் பெரும்பாலும் அங்கே வரும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் கீபோர்டு வாசிக்கிற மதுரைப் பையன்.

காதைத் திருப்பிவிட்டவனும் அவன்தான். “பெரியம்மா, பாடுறவங்களை விட்டுருங்க. பேஸை மட்டும் புடிச்சுக்கிட்டே பாட்டு முடியிறவரைக்கும் போங்க” என்றான் ஒரு தடவை. அன்றைக்கு ‘என் இனிய பொன் நிலாவே’ வந்தது. ‘மூடுபனி’, 1980, ராஜாவின் நூறாவது படம். கிடார் தொடங்கிய இரண்டாவது விநாடியிலேயே கூட்டம் எழுந்துவிட்டது. நான் அவன் சொன்னபடி அடியில் போகிற பேஸ் கிடாரைப் பிடித்துக்கொண்டேன். அது தாளத்துக்குத் துணையாக டொம் டொம் என்று நிற்கவில்லை. பாடுகிறவர் மேலே போனால் இது கீழே இறங்குகிறது. பாடுகிறவர் மூச்சு விடுகிற இடத்தில் இது ஒரு சின்ன வரி பேசிவிட்டுப் போகிறது. தனியாகப் பாடிப் பார்த்தால் அதுவே ஒரு மெட்டு. அத்தனை வருஷம் கேட்ட பாட்டில் எனக்குத் தெரியாத இன்னொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரு வாத்தியத்தை எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். எந்தப் பாட்டு, எந்த வாத்தியம், வாசித்தவர் பெயர், இவ்வளவுதான் அதில். முதல் இரண்டையும் எழுதிவிடலாம். மூன்றாவதுதான் பல பக்கங்களில் காலியாக இருக்கிறது.

மேடையில் என்ன நடக்கிறது என்பதைக் கச்சேரிக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடுவில் ராஜா, வெள்ளை உடையில், ஆர்மோனியத்துடன். பெரும்பாலும் ‘ஜனனி ஜனனி’யில்தான் தொடங்குவார். 1982இல் ‘தாய் மூகாம்பிகை’ படத்துக்குப் போட்ட பாட்டு, அவரே பாடியது. கோரஸ் சேர்ந்துகொள்ளும். பாடகர்கள் முன்னால் வந்து பாடிவிட்டு உள்ளே போவார்கள். அவர்களுக்குப் பின்னால், படிப்படியாக ஏறும் மேடையில், முழு ஆர்கெஸ்ட்ரா. ஒவ்வொருவர் முன்னாலும் நோட்ஸ் வைக்கிற ஸ்டாண்டு. திறந்த மைதானம் என்றால் காற்றுக்குத் தாள் பறந்துவிடாமல் கிளிப் மாட்டியிருப்பார்கள். வயலின்காரர் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு இருக்கும். பக்கம் முடிகிற இடத்தில் ஒருவர் வில்லை எடுத்துத் தாளைப் புரட்டுவார், மற்றவர் விடாமல் வாசிப்பார். புரட்டி முடித்ததும் இவர் சேர்ந்துகொள்வார். அந்த ஒரு நொடியில் ஒலி குறைந்தது கீழே உட்கார்ந்திருக்கிற யாருக்கும் தெரியாது. பைனாகுலர் வைத்துக்கொண்டு நான் பார்ப்பது இதைத்தான்.

அந்தத் தாள்களில் இருப்பது ராஜாவின் மனசு. பாட்டுக்கான மெட்டைச் சொல்லிவிட்டு மற்றதை வாத்தியக்காரர்களிடம் விட்டுவிடுகிறவர் இல்லை அவர். வயலின் முதல் வரிசைக்கு என்ன, இரண்டாவது வரிசைக்கு என்ன, வயோலாவுக்கும் செல்லோவுக்கும் என்ன, குழல் எந்த மாத்திரையில் நுழைய வேண்டும் என்பது வரை ஸ்கோராக எழுதிவிடுவார். உதவியாளர்கள் அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் படி எடுத்துக் கொடுப்பார்கள். எண்பதுகளில் காலையில் எழுதியது மதியத்துக்குள் ரெக்கார்டிங் ஆகிவிடும் என்று அந்தக் கலைஞர்கள் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்கள். பாடகர், கோரஸ், ஆர்கெஸ்ட்ரா எல்லோரும் ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிவு செய்த காலம். ஒருவர் பிசகினால் மொத்த டேக்கும் போய்விடும். முதலிலிருந்து வர வேண்டும்.

மேடையிலும் ராஜா அந்த வழக்கத்தை விடவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மறுபடி முதலிலிருந்து என்பார். ஒரு கச்சேரியில் நான் கன்சோலுக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் பி.ஜி.எம்மில் வயலின் வரிசை நுழைய வேண்டிய இடத்தில் அரை மாத்திரை பிந்திவிட்டது. பிந்தியது எனக்குத் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன், கீபோர்டுப் பையன்தான் என் கையை அழுத்தினான். அதற்குள் மேடையில் கை உயர்ந்துவிட்டது. ஆயிரக்கணக்கான பேர் சட்டென்று அமைதியானார்கள். சத்தமே இல்லாமல் எல்லோரும் முதல் பக்கத்துக்குத் திருப்பினார்கள். மறுபடி தொடங்கி, அதே இடம் வந்தது. இந்தத் தடவை முப்பது வில்லும் ஒன்றாக இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிலர் இப்படி நிறுத்துவதைக் கர்வம் என்பார்கள். காசு கொடுத்து வந்தவருக்கு முன்னால் குறையோடு ஒன்றைக் கொடுக்கக் கூடாது என்கிற மரியாதையாகத்தான் நான் அதைப் பார்க்கிறேன். எண்பது வயதைத் தாண்டிய பிறகும் அந்தக் கை உயர்கிறது.

‘ராக்கம்மா கையைத் தட்டு’ பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1991, ‘தளபதி’. பிபிசி உலக சேவை 2002இல் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் பிடித்தமான பாடல்களில் நான்காவதாக வந்தது. அந்தப் படத்தின் பாட்டுகளை மும்பையில், இந்தி இசையமைப்பாளர் ஆர்.டி.பர்மனின் குழுவில் வாசித்த கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார்கள். கச்சேரியில் அது பெரும்பாலும் கடைசிப் பகுதியில் வரும். வயலின்கள் அந்த வேகமான வரியை எடுக்கும்போது இளைஞர்கள் நாற்காலி மேல் ஏறி ஆடுவார்கள். ஆடட்டும். நான் பார்ப்பது பின்வரிசையை. அத்தனை வேகத்தில் அத்தனை பேரும் ஒரே பக்கமாக வில் இழுக்க வேண்டும். ஒருவர் வில் மேலே போகும்போது பக்கத்து வில் கீழே வந்தால் ஒலியில் அழுத்தம் பிசகிவிடும். முதல் வரிசையின் ஓரத்தில் இருப்பவரைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். பிறகு அதே பாட்டுக்குள் அப்பர் தேவாரம் வரும். பெண்கள் கோரஸாகப் பாடுவார்கள். ஆடிக்கொண்டிருந்த கூட்டம் அங்கே நிற்கும். பக்கத்தில் ஒரு பையன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். குத்தாட்டத்துக்கும் தேவாரத்துக்கும் நடுவே ஒரு பாலம் போட அந்த வயலின் வரிசையால்தான் முடிந்தது.

இவர்கள் யார்?

சில பெயர்கள் ரசிகர்களுக்குத் தெரியும். ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வயலின் வாசித்த வி.எஸ்.நரசிம்மன். ‘இளைய நிலா’வின் கிடார் ஆர்.சந்திரசேகர். இன்னொரு கிடார் சதானந்தம். பேஸ் கிடார் சசிதரன். கீபோர்டு விஜி மானுவேல். புல்லாங்குழல் நெப்போலியன், அருண்மொழி என்ற பெயரில் பாடியவரும் அவரே. டிரம்ஸ் வாசித்து, பிறகு இசை நடத்துநராகவும் ராஜாவுடன் நின்ற மறைந்த புருஷோத்தமன். இந்தப் பெயர்கள்கூட அவர்கள் பேட்டி கொடுத்ததாலும், ரசிகர்கள் தேடித் தேடிக் கண்டுபிடித்ததாலும் வெளியே வந்தவைதான். படத்தின் இசைத்தட்டு உறையில் பாடியவர் பெயரும் எழுதியவர் பெயரும் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. ‘பருவமே புதிய பாடல் பாடு’ பாட்டில் வருகிற ஓட்டக் காலடிச் சத்தத்தைத் தொடையில் கையால் தட்டித்தான் எழுப்பினார்கள் என்பதை ஊரே வியந்து பேசுகிறது. தட்டிய கை யாருடையது என்று வழியில் நிறுத்திப் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர்கூடச் சொல்ல மாட்டார்.

திரையுலகில் வாத்தியக்காரர்களின் கூலிக்கும் மரியாதைக்கும் இசையமைப்பாளர் எம்.பி.ஸ்ரீனிவாசன் முன்நின்று சங்கம் அமைத்துப் போராடியிருக்கிறார். அவர் அன்று அதைச் செய்யாமல் இருந்திருந்தால் பல குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. முப்பது வயலின் செய்த வேலையை ஒரு கீபோர்டு செய்யத் தொடங்கியது. ராஜாவே 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்தவர்தான். ஆனாலும் அவர் ஆர்கெஸ்ட்ராவைக் கைவிடவில்லை. 2005இல் ‘திருவாசகம்’ செய்தபோது புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு வாசித்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டன் ஈவென்டிம் அப்போலோ அரங்கில் அவருடைய ‘வேலியன்ட்’ சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு, மைக்கேல் டாம்ஸ் நடத்த, அரங்கேற்றியது. எனக்கு லண்டன் போக வசதி இல்லை. கோவைத் தம்பி கடன் வாங்கிக்கொண்டு போனான். “அக்கா, சிம்பொனி முழுக்க ஒரு பாட்டு கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது, வெறும் வாத்தியம். நம்ம ஆளுங்க அசையாம உக்காந்து கேட்டாங்க” என்று ராத்திரி போனில் சொல்லும்போது அவன் குரல் தழுதழுத்தது. பாடகரும் நடிகரும் இல்லாமல் வாத்தியங்களை மட்டும் கேட்கத் தமிழர்கள் தயார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. லண்டனில் வாசித்தது போன்ற மேல்நாட்டு இசைக்குழுக்கள், தங்கள் நிகழ்ச்சிக் கையேட்டில் கடைசி வயலின்காரர் வரைக்கும் பெயரை அச்சிடுவது வழக்கம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தத்தில் 38பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. நிகழ்த்துகிற கலைஞருக்கு, இதை நிகழ்த்தியவர் இன்னார் என்று அடையாளம் காட்டப்படுகிற உரிமை உண்டு என்று அது கூறுகிறது. பாடுகிறவரும் நிகழ்த்துநர்தான், தவில் அடிக்கிறவரும் நிகழ்த்துநர்தான். உரிமை என்ற பேச்சு வந்தால், ராஜா தன் பாட்டுகளின் உரிமைக்காக எவ்வளவு தூரம் போனார் என்பது எல்லோருக்கும் தெரியும். 2017இல் பாடகர் எஸ்.பி.பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது, அனுமதி இல்லாமல் தன் பாட்டுகளைப் பாடக் கூடாது என்று ராஜாவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. ஊரே ராஜாவைத் திட்டியது. இரண்டு பேரும் எங்கள் கண்கள் மாதிரி. அந்த வருஷம் எங்கள் குழுவில்கூடச் சண்டை. 2019 ஜூன் 2 அன்று சென்னைக்கு வெளியே ஈ.வி.பி. திடலில் இருவரும் மறுபடி ஒரே மேடையில் நின்றபோதுதான் மனசு ஆறியது. அடுத்த வருஷமே எஸ்.பி.பி. போய்விட்டார்.

நட்பில் காயம் ஏற்பட்டது வருத்தம்தான். ஆனால் ராஜா கேட்டது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உருவாக்கியவருக்கு உரிமை உண்டு, அதைச் சொல்ல ஒருவர் கெட்ட பெயர் எடுக்கத்தான் வேண்டியிருந்தது. அதே நியாயத்தைத்தான் நான் பின்வரிசைக்கும் கேட்கிறேன். பெயரில்லாமல் கிடார் வாசித்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர் ராஜா. 2016இல் ‘தாரை தப்பட்டை’யோடு ஆயிரம் படம் தொட்டவர். அந்த ஆயிரத்திலும் அவர் எழுதியதை ஒலியாக்கிக் கொடுத்தவர்களின் பட்டியலை இன்னும் யாரும் முழுதாகத் தொகுக்கவில்லை. கச்சேரி நடுவே அவர் சில கலைஞர்களை எழுப்பி அறிமுகப்படுத்துவார். அந்த இரண்டு நிமிஷத்தில் கூட்டம் தண்ணீர் வாங்கப் போய்விடுகிறது, டி.வி.யில் அந்த இடத்தில் விளம்பரம் வந்துவிடுகிறது.

ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மேடையில் இருப்பவர்களின் பெயரையும் வாத்தியத்தையும் ஒரே ஒரு தாளில் அச்சடித்து வாசலில் கொடுங்கள். தாளுக்குச் செலவாகும் என்றால், இரண்டு பக்கமும் கட்டியிருக்கிற அந்தப் பெரிய எல்.இ.டி. திரையில் போடுங்கள். விளம்பரதாரர் பெயர் அதில் சாயங்காலம் முழுக்க ஓடுகிறது. குழல் வாசிக்கும்போது குழல்காரர் முகத்தோடு அவர் பெயரும் பத்து விநாடி ஓடினால் போதும். கச்சேரியை ஒளிபரப்புகிற தொலைக்காட்சிகளும் கடைசியில் அந்தப் பட்டியலை ஓடவிடலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊருக்கு ராஜா வந்தால் கட்டாயம் போங்கள். நடுவில் இடம் பிடியுங்கள். போனை ஒரு பாட்டுக்காவது பைக்குள் வையுங்கள், பின்னால் இருப்பவருக்கு மேடை தெரியட்டும். பி.ஜி.எம். வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசாதீர்கள். டிக்கெட் வாங்குகிற இடத்தில், வாசிப்பவர்கள் பெயர்ப் பட்டியல் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நான் ஒருத்தி கேட்டால் சிரித்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். நூறு பேர் கேட்டால் அடுத்த ஊரிலேயே அச்சடித்துவிடுவார்கள்.